தாளில் இல்லாத வரி

எங்கள் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஓர் அறிவிப்பைக் கேட்பீர்கள். வண்டி எண், போகும் ஊர், நடைமேடை எல்லாம் எல்லா ஊரிலும் சொல்வதுதான். அதை இரண்டு முறை சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். பிறகு அதே குரல், "உடம்பு சரியில்லாதவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். உதவி கிடைக்கும்" என்று சொல்லும். இந்த வரி வேறு எந்த நிலையத்திலும் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தாளிலும் இல்லை. இதற்காக அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வாங்கிய மெமோக்கள் இதுவரை பதினொன்று.

பயணிகள் என்னிடம்தான் கேட்பார்கள். நான் டிக்கெட் கொடுக்கிறவன். கண்ணாடியில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், உலகத்தில் உள்ள சந்தேகமெல்லாம் அதன் வழியாக வந்துவிடும். "என்ன சார், உங்க ஸ்டேஷன்ல ஆஸ்பத்திரி விளம்பரம் ஓடுதா?" என்று ஒருவர் சிரித்தார். டிக்கெட் வாங்கியாயிற்றென்றால் நகருங்கள் என்றேன். என் வாய் அப்படி. ஆனால் ஒருவருக்காவது ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கக்கா. அறிவிப்பறையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். அந்தப் பத்தொன்பது வருடமும் மத்தியானச் சாப்பாடு நானும் அவளும் ஒரே மேஜையில்தான். அவள் என்னை டிக்கெட் என்று கூப்பிடுவாள். குரலைக் கேட்டுவிட்டு ஆளைக் கற்பனை செய்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஒல்லி, குள்ளம், மூக்குக் கண்ணாடி நூலில் கட்டித் தொங்கும். ஒரு தடவை ஒரு வாலிபன் தலையெல்லாம் வாரிக்கொண்டு, அறிவிப்புச் சொல்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று அறைக்கே வந்துவிட்டான். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு, "அவங்க எங்கே?" என்றான். "இன்னைக்கு லீவு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த அறையில் மைக்குக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. "தாளில் உள்ளது மட்டும்." அதற்கு ஒரு கதை உண்டு. அக்காவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இளகிய மனசுக்காரர். ஒரு மழை நாளில் ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஓடி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. வண்டி கிளம்பப் போகிறது, சீக்கிரம் வாருங்கள் என்று தாளில் இல்லாததைச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு ஓடிய ஒரு பெண் வண்டிப் படியில் வழுக்கி விழுந்து ஒரு காலை இழந்தாள். அதற்குப் பிறகு வந்த பலகை அது. அக்கா வேலை பழகியது அதன் கீழேதான். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே, இரண்டு முறை படி, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படி. பத்தொன்பது வருடத்தில் மூன்றாம் நடைமேடை என்று அவள் சொன்னால் வண்டி மூன்றில்தான் நிற்கும். ஊரில் கடிகாரத்தை நம்பாதவர்கள்கூட அவளை நம்பினார்கள்.

எல்லோரையும்விட அதிகமாக நம்பியவர் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, அறுவை சிகிச்சையை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். வீடு நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜன்னலோரம் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்கும். காலை ஆறு பத்து வண்டிக்கு அக்கா அறிவிப்புச் சொல்லி முடித்த அடுத்த நிமிடம் அவளுடைய போன் அடிக்கும். "தொண்டை கரகரங்குது, சுடுதண்ணி குடி" என்பார். இல்லாவிட்டால், "நேத்து சரியா தூங்கலையா?" என்பார். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், அவள் வெளியே கிளம்பும்போது பார்த்திருப்பார். ஆனாலும் அவர் கண்ணை நம்பவில்லை, காதைத்தான் நம்பினார். காதாலேயே வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று நான் கேலி செய்வேன். அக்காவுக்குக் கோபம் வராது. சுடுதண்ணீர் குடிப்பாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட, பன்னிரண்டு வயதில் அண்ணன் வீட்டோடு வந்தவள். அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நாத்தனாருக்குத் தலைவாரிப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவைப் பிள்ளை என்றே வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்த உலகம் அவ்வளவுதான், ஒரு அண்ணன், ஒரு அண்ணி, ஒரு மைக்.

ஊருக்குள் தொற்றுநோய் வந்தது. முதலில் போலீஸ் வந்தது, அடங்கவில்லை, பிறகு ராணுவம் வந்தது. ரயில்கள் நின்றன. ஒவ்வொரு தெரு முனையிலும் மணல் மூட்டை அடுக்கி ஒரு சாவடி, ஒரு வண்டி, நாலு துப்பாக்கி. ராணுவத்துக்கு ஊரில் நல்ல ஒலிப்பதிவு அறை ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் நிலையத்தில் இருந்ததைத் தவிர வேறு இல்லை. எங்களில் பத்துப் பேரை அத்தியாவசியப் பணியாளர் என்று சொல்லி நிலையத்திலேயே தங்க வைத்துவிட்டார்கள். ஓய்வறையில் படுக்கை. வாசலில் ஒரு தகரப் பெட்டி. வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் அதற்குள் போய்விட வேண்டும். என் டிக்கெட் ஜன்னல் அனுமதிச் சீட்டு ஜன்னலாக மாறியது. அதே ஓட்டை, அதே நாற்காலி. ஊரெங்கும் போக டிக்கெட் கொடுத்த கை, தெருவைத் தாண்டச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் அக்காவை ஒரு மேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மரியாதையான மனிதர்தான், உட்காரச் சொல்லித்தான் பேசினாராம். ஊரடங்கு உத்தரவு இரண்டு பக்கம். அதிலிருந்து படிக்க வேண்டிய பகுதியைப் பென்சிலால் குறித்திருந்தார். "மறு உத்தரவு வரும் வரை யாரும், எந்தக் காரணத்துக்காகவும், வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. மீறுவோர் கைது செய்யப்படுவர்." ஏழாம் பத்தியின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. அக்கா தொழில் பழக்கத்தில் அடித்ததையும் படித்துவிட்டாள். உயிருக்கு ஆபத்தான நோய், பிரசவம், தீ விபத்து ஆகிய நேரங்களில் வீட்டில் ஒருவர் வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்தபடி சாவடிக்கு வரலாம், ராணுவ வண்டி உடனே வரும் என்று அதில் இருந்தது.

இதையும் படிக்கட்டுமா என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அதைச் சொன்னா நாளைக்கு ஊர்ல எல்லார் கையிலயும் வெள்ளைத் துணி இருக்கும் மேடம்" என்றாராம் மேஜர். "முதல்ல ஊர் அடங்கட்டும். ஒரு வாரம் கழிச்சு அதையும் சேர்த்துப் பதிவு பண்ணிக்கலாம்."

பதிவை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். அக்கா சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். சாப்பிடவில்லை, தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். படிக்க மாட்டேன்னு சொல்லிடட்டுமா என்று கேட்டாள். அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை நாள் எவரிடமும் சொன்னதில்லை.

"நமக்கெதுக்குக்கா வம்பு" என்றேன். "தாள்ல இருக்கிறதைப் படிச்சிட்டு வாங்க."

அவள் போய்ப் படித்தாள். வழக்கம்போல விரலை வரிக்குக் கீழே வைத்து, நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை. மேஜர் பிரமாதம் என்றாராம். இரண்டு பக்கத் தாளையும் கையோடு வாங்கிக்கொண்டுவிட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து அக்காவின் குரலை ஏற்றிக்கொண்டு வண்டிகள் தெருத் தெருவாகப் போயின. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முழு உத்தரவை அச்சடித்துச் சாவடிகளில் ஒட்டியிருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே வந்தால் படிக்கலாம்.

வேலை முடிந்து போன் கைக்கு வந்ததும் அக்கா வீட்டுக்குப் பேசுவாள். அண்ணனுக்கு ஒரே குறை. "தினமும் உன் குரல்தான் வருது, ஆனா ஒரே மாதிரி வருது. உனக்கு உடம்பு எப்படி இருக்குன்னே கண்டுபிடிக்க முடியல" என்று சொல்வாராம். அதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஏழாம் பத்தியை மட்டும் வீட்டில் சொல்லவில்லை, ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சை அடைத்தது. சட்டையெல்லாம் வேர்வை. அண்ணி அவசர எண்ணைக் கூப்பிட்டார், கிடைக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். அக்காவின் போன் தகரப் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. அக்கா அந்த நேரத்தில் கை கழுவும் முறையைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். தெரு முனைச் சாவடி அண்ணி வீட்டு வாசலிலிருந்து நாற்பது அடி இருக்கும். அண்ணி கதவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வந்தது. அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் காரணத்துக்காகவும்னு சொல்றா பாரு. ரெண்டு தடவை சொல்றா. அவ தப்பா சொன்னதே இல்ல. நீ போனா உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க, நான் தனியா கிடப்பேன். கொஞ்சம் பொறு, தானா சரியாயிடும்."

அண்ணி பொறுத்தார். முதுகை நீவிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், போனை அழுத்திக்கொண்டே இருந்தார். பதினொன்றே முக்காலுக்கு அண்ணன் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கைது செய்தால் என்ன, சுட்டால் என்ன என்று அண்ணி தெருவில் இறங்கி நடந்தார். சாவடியிலிருந்த நடுவயது ராணுவக்காரர் ஒருவர் ஓடி வந்தார். வீட்டுக்குள் வந்து நாடி பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம். "வண்டி இங்கதாம்மா நிக்குது. காலையிலேர்ந்து சும்மாதான் நிக்குது" என்றார். "ஏன் வரல?"

அவர்தான் நிலையத்துக்குச் செய்தி அனுப்பினார். நாங்கள் போகச் சீட்டு நான்தான் எழுதினேன். எங்கள் படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே எட்டு வகை அச்சடித்திருந்தது. பால், தண்ணீர், மின்சாரம் என்று போய் எட்டாவதாக, மரணம், இரண்டு பேருக்கு மட்டும். நோய் என்று ஒரு வகை இல்லை. ஒன்பது நாளாக அதே படிவத்தை எழுதியிருக்கிறேன், எனக்கு உறைத்ததில்லை. அக்கா பெயருக்கும் என் பெயருக்கும் சீட்டு எழுதிக்கொண்டு கிளம்பினோம். பதினாலு அழைப்பு என்று காட்டிய போனைக் கையில் பிடித்துக்கொண்டே அக்கா நடந்தாள்.

அண்ணி அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ராணுவக்காரர் சொன்னதையும் சொன்னார். பிறகு அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார். "உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப. உன்னையும்தானே ஏமாத்திட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். நாற்காலி அங்கேயே இருந்தது.

ஊரடங்கு ஐம்பது நாளில் முடிந்தது. வாதம் முடியவில்லை. டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து, உயிர் முக்கியமா உரிமை முக்கியமா என்று ஒருவர் தொண்டையை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். ராணுவம் வராவிட்டால் பிணக்குவியல்தான் என்றார் ஒருவர். சட்டசபையைக் கேட்காமல் ஊரைச் சிறையாக்க யார் அதிகாரம் கொடுத்தது என்றார் இன்னொருவர். டீக்கடையிலும் அதே சண்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அண்ணனுக்கு இரண்டில் எது கிடைத்தது, அதை முதலில் சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை தொடங்கியது. ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே வைத்தியமில்லாமல் செத்தவர்களின் குடும்பங்களுக்காக ஒரு வக்கீலம்மா வாதாடினார். அண்ணனோடு சேர்த்துப் பதினெட்டுக் குடும்பம். ராணுவத் தரப்பு சொன்னது இதுதான்: உத்தரவில் ஏழாம் பத்தி இருந்தது, யாரையும் தடுக்கவில்லை, ஒலிபரப்பில் அது வராமல் போனது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு. பென்சில் கோடு போட்ட தாள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் இருந்த சாட்சி அக்கா ஒருத்திதான்.

வக்கீலம்மா நிலையத்துக்கே வந்து பேசினார். ஒளிக்காமல்தான் பேசினார். ஏழாம் பத்தியைத் தெரிந்தே எடுத்தார்கள் என்று அக்கா சொன்னால்தான் வழக்கு நிற்கும், பதினெட்டுக் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்க வழி உண்டு. ஆனால், தெரிந்தும் ஏன் படித்தாய் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள், வேலைக்கும் ஆபத்து வரலாம். கொடுத்ததைப் படித்தேன், வேறெதுவும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அக்காவுக்கு வேலை போவது பயமில்லை. நான் அவளை அறிவேன். அண்ணி விசாரணைக்கு ஒரு நாள் தவறாமல் வந்து மூன்றாவது வரிசையில் உட்காருகிறார். சொன்னால் அண்ணியின் காதில்தான் முதலில் விழும். உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப என்ற அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி அத்தனை நாளும் எழுந்து நடமாடினார். அதைத் தன் வாயாலேயே பிடுங்க வேண்டும்.

சாட்சி சொல்லப் போகும் நாள் மத்தியானம் அக்கா சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன டிக்கெட்" என்றாள், "இப்பவும் நமக்கெதுக்கு வம்புன்னு சொல்லுவியா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கேள்விதான் கேட்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அக்கா எழுந்து நின்று பெயரும் வேலையும் சொன்னாள். மேஜர் கூப்பிட்டது, தாள், பென்சில் கோடு, தான் கேட்டது, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ராணுவத் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"உங்க தலையில யாராவது துப்பாக்கி வெச்சாங்களா?"

"இல்லை."

"படிக்க மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "முடிஞ்சிருக்கும்" என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் படிச்சேன்."

நீதிபதி வயதானவர், காது சற்று மந்தம். ஏழாம் பத்தியைப் பதிவுக்காகச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, உத்தரவின் அச்சடித்த தாளை அவளிடமே கொடுத்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்குக் கீழே விரலை வைத்தாள். உயிருக்கு ஆபத்தான நோய், பிரசவம், தீ விபத்து ஆகிய நேரங்களில் என்று ஆரம்பித்தாள். தெருவெல்லாம் ஓடிய அதே குரல். படித்து முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே, பழக்கதோஷத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நீதிபதி தடுக்கவில்லை. இரண்டாம் முறை வெள்ளைத் துணி என்ற இடம் வந்தபோது மூன்றாவது வரிசையில் அண்ணி எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார்.

அறிக்கை பிறகு வந்தது. இனிமேல் உத்தரவுகளை முழுவதுமாக ஒலிபரப்ப வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை இருக்கிறதாம். மேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அக்காவைக் கண்டித்து ஒரு கடிதம் வந்தது. வேலை போகவில்லை. வக்கீலம்மா இன்னும் மேல் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

வீட்டில் அண்ணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள். சமைத்தார், அக்காவுக்கும் தட்டு வைத்தார், துணியை மடித்து வைத்தார். பேச்சு மட்டும் இல்லை. முகத்தைப் பார்ப்பதும் இல்லை. அக்கா காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். அண்ணி கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கியிருக்கிறார். அப்படி எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் காலை என் ஜன்னலுக்கு முன்னால் அண்ணி நின்றார். கையில் ஒரு பை, காலடியில் ஒரு பெட்டி. தன் தங்கை இருக்கும் ஊரைச் சொல்லி ஒரு டிக்கெட் கேட்டார்.

"போக வரவா அண்ணி?" என்றேன்.

"போக மட்டும்" என்றார்.

டிக்கெட்டை ஓட்டை வழியாகத் தள்ளினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். படிச்சிட்டு வாங்கன்னு சொன்னது நான்தான் அண்ணி, அவளை மட்டும் தண்டிக்காதீர்கள் என்று இரண்டு வாக்கியம். பின்னால் வரிசை நின்றது. ஜன்னலை மூடிவிட்டு வெளியே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். என்னால் முடிந்தது அந்தப் பெட்டிதான்.

அறிவிப்பறை ஜன்னலிலிருந்து இரண்டாம் நடைமேடை தெரியும். அக்கா எங்களைப் பார்த்திருக்க வேண்டும். வண்டிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. வண்டி எண், போகும் ஊர், இரண்டாம் நடைமேடை. இரண்டாம் முறையும் அதுவே. குரல் நடுங்கவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்துப் பெட்டியை ஏற்றப் போனேன்.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் அந்த வரி வந்தது. முதல் தடவையாக, பலகைக்குக் கீழே உட்கார்ந்து, தாளில் இல்லாத ஒரு வரியை அக்கா சொன்னாள். உடம்பு சரியில்லாதவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

அண்ணி ஒரு காலைப் படியில் வைத்தவர் அப்படியே நின்றார். தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார். அவர் கண் கலங்கவில்லை. என்னிடம்தான் திரும்பினார்.

"இவ்வளவுதானே" என்றார். "இவ்வளவு சின்ன வரிதானே. சொல்றதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலையே."

நான் பெட்டியை உள்ளே வைத்தேன். பார்த்துப் போங்க அண்ணி என்று சொன்னேன். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

அறிவிப்பறைக்குப் போனேன். அக்கா மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நிலைய அதிகாரி அதற்குள் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். முதல் மெமோ மேஜையில் கிடந்தது. அதன் பக்கத்தில் போன், திரை மேலே பார்க்க. ஆறு பத்து வண்டிக்குப் பிறகு அதை அப்படித்தான் வைப்பாள், இன்றும் அப்படித்தான் வைக்கிறாள். அது அடிப்பதில்லை.

"அண்ணிக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சுக்கா."

"ஏதாவது சொன்னாங்களா?"

ஒண்ணும் சொல்லல என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வம்பில்லாத பதில்களில் நான் கெட்டிக்காரன். ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த வண்டிக்கான தாள் வந்தது. ஒரு வாய் சுடுதண்ணீர் குடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மைக்கைப் போட்டாள்.